வலை போடும் இடம்: ஓர் ஆய்வுக் கட்டுரையின் வரைவுகள்



நினைவுப் பேருரையை மறைந்தவரின் பெருமைகளில் தொடங்குவது வழக்கம். நம் தோழருக்கு அது பிடிக்காது. மாணவர்களின் படிகளைச் சிவப்பு மையில் திருத்திக்கொண்டே வாழ்ந்தவர் அவர். அதனால் ஒரு கட்டுரையைத் திருத்திய கதையையே இன்று சொல்கிறோம்.

பழவேற்காடு ஏரிக்கரைக் காலனி ஒன்றிலிருந்து முதுகலை படிக்கப் போன மாணவி ஒருவர் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வருகிறார். பாடு முறையைப் பற்றிய தன் ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவைக் கொண்டுவந்தார். முதல் இரண்டு பக்கமும் ஏரியின் புகழ்: சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, 1613இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டை, பூநாரைகள். இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டோம். பூநாரைக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பாடு என்பது ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டு வலை கட்டும் ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் தலைக்கட்டுகளுக்கு உரியதாக வந்தது. சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குவார்கள். நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்காது. நெரிசலும் சண்டையும் குறையும். 1991இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூவின் ஆய்வு தொடங்கி, பாரம்பரிய மேலாண்மைக்கு எடுத்துக்காட்டாக இம்முறை பேசப்பட்டு வருகிறது. அந்தப் பாராட்டில் பொய் இல்லை. ஆனால் தலைக்கட்டு வரியில் இல்லாத தலித் மீனவர்களும் இருளர்களும் அதே ஏரியில் என்ன செய்கிறார்கள்? ஓலைப்பறியை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவுச் சேற்றுநீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள்.

மாணவியின் வரைவில் இது ஒரே வாக்கியமாக இருந்தது: 'வறுமை காரணமாக வலை வாங்க இயலாததால் இம்மக்கள் கையால் மீன் பிடிக்கின்றனர்.' இலக்கணப் பிழை இல்லை. நாங்களும் இரண்டு முறை படித்துவிட்டுத் தாண்டிப் போனோம். சமூகவியல் படித்தவர்கள் நாங்கள். அதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

பிழை காலனியில்தான் பிடிபட்டது. எழுதியதை எழுதப்பட்டவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது நம் தோழர் விட்டுச்சென்ற பழக்கம். மாலையில் வாசித்துக் காட்டினோம். அந்த வாக்கியம் வந்ததும் கைக்காரப் பெண் ஒருவர் சிரித்தார். "வலைக்குக் கடன் வாங்கிக்கலாம்மா. போடற எடத்துக்கு யார்கிட்ட கடன் வாங்கறது?"

இரண்டாவது வரைவில் வறுமை போய் உரிமை வந்தது: 'இம்மக்களுக்குப் பாடு மறுக்கப்படுகிறது.' இதிலும் ஒரு ஓட்டை. மறுக்கப்படுகிறது என்றால், மறுப்பது யார்? செயப்பாட்டு வினை சாதிக்கு ரொம்ப வசதியான வினை. குடிநீர் மறுக்கப்பட்டது, நிலம் பறிக்கப்பட்டது என்று ஆளே இல்லாமல் எல்லாம் நடந்து முடிந்துவிடும். மூன்றாவது வரைவில் எழுவாயைப் போட்டோம்.

அங்கேதான் சிக்கல். காட்டுப்பள்ளி அதானி துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் தலைக்கு மேல் தொங்குகிறது. கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடப்பதாக அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிப்போனது. ஏரி போனால் பாடும் போகும், கையும் போகும். "இந்த நேரத்தில் உள்வீட்டுச் சண்டையை எழுத வேண்டுமா?" என்று கேட்டவர் போராட்டத்தில் எங்களோடு நின்றவர். எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. வட்டத்திலேயே பாதிப் பேர் அவர் பக்கம்.

ஒரு மாதம் வாதிட்டோம். இழப்பைக் கணக்கெடுக்க வருகிறவர் படகை எண்ணுவார், வலையை எண்ணுவார். கையை எப்படி எண்ணுவார்? இன்று எழுதாமல் விட்டால், போராட்டம் வென்றாலும் தோற்றாலும் கைக்காரர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். எழுவாய் இருக்கட்டும் என்று முடிவானது. ஆனால் மாணவி உழைத்து வரைந்த வரைபடத்தை எடுத்துவிட்டோம். யார் எந்தத் துறையில் துழாவுகிறார்கள் என்று அதில் புள்ளி வைத்திருந்தார். மறுநாளும் அதே தண்ணீரில் இறங்க வேண்டியவர்களை அந்தப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். காலனியின் பெயரையும் எடுத்தோம், இங்கும் சொல்லவில்லை. அவருக்கு அழுகை வந்தது. எங்களுக்கும் சந்தோஷம் இல்லை.

நெறியாளரின் குறிப்பு வேறுவிதம்: கோட்பாடு போதாது, எலினோர் ஆஸ்ட்ரோமைச் சேர்க்கவும். சேர்த்தோம். பொதுவளங்களைப் பற்றி 1990இல் நூல் எழுதி, 2009இல் நோபல் பரிசு பெற்றவர். பொதுவளம் நீடிக்க அவர் சொல்லும் முதல் நெறி, உரிமை யாருக்கு என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது. பாடு முறையில் எல்லை மிகத் தெளிவு. அந்த எல்லைக்கு வெளியிலிருந்து அவரைப் படித்த பக்கம்தான் இக்கட்டுரையின் நல்ல பக்கம் என்று நினைக்கிறோம். நெறியாளரின் குறிப்பு வராமலிருந்தால் அது எழுதப்பட்டிருக்காது.

திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரையோடு மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் இங்கே இருப்பீர்கள். பாபாசாகேப்பின் 'ரூபாயின் பிரச்சினை' ஆய்வேடு 1923 மார்ச்சில் லண்டனில் ஏற்கப்படவில்லை. ஆகஸ்டில் மீண்டும் கொடுத்தார், நவம்பரில் ஏற்றார்கள். அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன், தனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு என்று சொல்லியே அதன் நூல் வடிவத்துக்கு முன்னுரை எழுதினார். அப்படிப்பட்ட ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

இதற்கிடையில் காலனியில் தமிழ்ப்படி கேட்டார்கள். 'சமூகம் தன் வளத்தைத் தானே நிர்வகிக்கிறது' என்று ஆங்கிலத்தில் மாணவி எழுதியிருந்ததைத் தமிழில் ஏரிக்கரைப் பேச்சாக மாற்றினால் 'ஊர் முடிவு பண்ணுது' என்று வருகிறது. ஊர் என்றால் யார் என்று காலனிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் நான்கு வரைவிலும் ஒளிந்திருந்த ஆள், தமிழில் ஒரே வரியில் வெளியே வந்துவிட்டார்.

ஆங்கிலப் படியில் அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் மாணவி இப்போது பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டிருக்கிறார். பத்தொன்பது இடங்கள். ஐந்தாவது வரைவை வருகிற ஞாயிறு மாலை காலனியில் வாசிக்கிறோம். வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், பொன்னேரியிலிருந்து சேர்ந்தே பஸ் ஏறலாம்.