பிள்ளைக்கு வண்டி எடுக்கும் முன்னே, இன்சூரன்ஸைப் பாருங்கள்!
(தாம்பரத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நம்ம குழுக்களில் கடன் கேட்டு வர்ற மனுக்களைப் பாருங்க. "மகனுக்கு வண்டி", "மகளுக்கு ஸ்கூட்டி" என்று எத்தனை மனு! அது ஆடம்பரம் இல்லை. பெருங்களத்தூரிலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் ஒரகடத்துக்கும் மறைமலை நகருக்கும் ஷிப்ட் வேலைக்குப் போற பிள்ளைக்கு வண்டி இல்லாமல் முடியாது. ஆனா வண்டி விலையைக் கணக்குப் போடற நாம, இன்சூரன்ஸ் என்று வரும்போது மட்டும் "இவ்வளவா?" என்று மலைச்சுப் போறோம்.

"பையனுக்கு 19 வயசுதான், அதனால பிரீமியம் அதிகம்" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிடாதீங்க. இங்கிலாந்து மாதிரி நாடுகளில் அப்படித்தான். வண்டி ஓட்டறவரோட வயசைப் பார்த்துக் கட்டணம் போடுவாங்க. புதுசா லைசென்ஸ் வாங்கின பிள்ளைகள் பெரியவங்களைவிடப் பல மடங்கு கட்டணும். சில கம்பெனிகள் காரிலேயே ஒரு பெட்டியைப் பொருத்தி, பிள்ளை எப்படி ஓட்டறான் என்று கண்காணிக்குது. நம்ம நாட்டில் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டணத்தை அரசாங்கமே நிர்ணயிக்குது. அது இன்ஜின் சி.சி.யைப் பொறுத்தது, வயசைப் பொறுத்தது இல்லை.

2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க. 75 முதல் 150 சி.சி. வரை உள்ள இரு சக்கர வண்டிக்கு வருஷத்துக்கு 714 ரூபாய். 150-க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய். 350-க்கு மேல் போனால் 2,804 ரூபாய். கார் 1000 சி.சி.க்குள் 2,094 ரூபாய், 1500 வரை 3,416 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. எலக்ட்ரிக் வண்டிக்கு 15 சதவீதம் தள்ளுபடி.

அப்போ பிள்ளைகளுக்கு ஏன் பாரமாகுது? ஒண்ணு, புது வண்டிக்கு மொத்தமா முன்கூட்டியே கட்டணும். நம்ம கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் டாக்டர் ராஜசேகரன் 2012-ல் போட்ட பொதுநல வழக்கில், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு 3 வருஷம், புது இரு சக்கர வண்டிக்கு 5 வருஷம் தேர்டு பார்ட்டி கட்டாயம். நிறைய பேர் புதுப்பிக்காமலே ஓட்டினாங்க, அடிபட்டவங்களுக்கு இழப்பீடு கிடைக்கலை. அதனாலதான் இந்த ஏற்பாடு. 2022 கட்டணப்படி 110 சி.சி. ஸ்கூட்டருக்கு 5 வருஷத்துக்கு 3,851 ரூபாய். பையன் ஆசைப்படற 350-க்கு மேற்பட்ட பைக் என்றால் 15,117 ரூபாய்! வண்டியைத் தேர்ந்தெடுக்கிற அன்னிக்கே இன்சூரன்ஸ் செலவும் முடிவாயிடுது.

ரெண்டாவது, "ஃபுல் இன்சூரன்ஸ்". நம்ம வண்டிக்கு ஏற்படற சேதத்துக்கு உண்டான பகுதி அது. 2007-லிருந்து அந்தப் பகுதிக்குக் கம்பெனிகளே விலை வைக்குது. எனவே மூணு இடத்தில் விசாரியுங்க. ஷோரூமில் சொல்ற கம்பெனியிலேயே எடுக்கணும் என்று சட்டம் கிடையாது. கிளெய்ம் வாங்காமல் ஓட்டினால் இந்தப் பகுதியில் முதல் வருஷம் 20 சதவீதம், படிப்படியாக 50 சதவீதம் வரை போனஸ் கழிவு உண்டு. பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டினால் அந்தப் போனஸ் போயிடும். பழைய வண்டி வாங்கறவங்க கவனிக்கணும், போனஸ் வித்தவருக்குத்தான் சொந்தம், வண்டியோட வராது.

சகோதரிகளே, இப்போ நான் சொல்லப் போறதுதான் ரொம்ப முக்கியம். நம்மில் பல பேர் கடன் நம்ம பேரில் என்பதால், ஆர்.சி. புக்கிலும் நம்ம பேரையே போடறோம். ஓட்டறது பையன். கட்டாய விபத்துக் காப்பீடு 15 லட்சம் என்கிறாங்களே, அது "உரிமையாளர் - ஓட்டுநர்" என்பவருக்கு. ஆர்.சி.யில் பேர் இருக்கணும், லைசென்ஸும் இருக்கணும். அம்மா பேரில் வண்டி, அம்மாவுக்கு லைசென்ஸ் இல்லை, பையன் தனியா சறுக்கி விழுந்தான் என்றால் அந்த 15 லட்சத்தை நம்பி இருக்க முடியாது. தேர்டு பார்ட்டியும் வராது, அது அடிபட்ட மூணாம் ஆளுக்கு. அதனால ஓட்டற பிள்ளை பேரிலேயே வண்டியைப் பதிவு பண்ணுங்க.

பின்னாடி உட்கார்ந்து போற நாம? வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் பின் சீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2006-ல் தீர்ப்பு சொல்லியிருக்கு. ஃபுல் இன்சூரன்ஸில் உண்டு. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளை பின்னாடி போற தாய்மார்கள் இதை யோசிக்கணும்.

ஃபுல் இன்சூரன்ஸ் கட்ட முடியலையா? குறைஞ்சபட்சம் பிரதம மந்திரி சுரக்ஷா பீமாவில் வீட்டில் 18 முதல் 70 வயது வரை உள்ள எல்லோரும் சேருங்க. 2022-லிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் 2 லட்சம். வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்துக்குவாங்க. மே மாசக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கணும், அவ்வளவுதான்.

18 வயசு ஆகாத பிள்ளை கையில் கியர் வண்டிச் சாவியைக் கொடுக்கவே கொடுக்காதீங்க. 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி யாரையாவது இடிச்சால், கம்பெனி முதலில் இழப்பீட்டைக் கொடுத்துட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூல் பண்ணலாம். இன்சூரன்ஸே இல்லை என்றால்? முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் என்பது சின்ன விஷயம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு உயிர் போச்சுன்னா, தீர்ப்பாயம் சொல்ற லட்சங்களை ஆர்.சி.யில் பேர் உள்ளவர்தான் கட்டணும். 714 ரூபாயை மிச்சம் பிடிச்சு வீட்டை விக்கலாமா?

நம்ம குழுக்கள் மூணு காரியம் செய்யலாம். வண்டிக் கடன் கொடுக்கும்போது பேரேட்டில் இன்சூரன்ஸ் முடியற தேதியையும் எழுதி வைக்கணும். மாசம் 75 ரூபாய் தனியா சேமிச்சால் சாதாரண ஸ்கூட்டருக்கு வருஷத் தேர்டு பார்ட்டி, வரியோட சேர்த்து அடைஞ்சுடும். பாலிசி வாங்கினதும் எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துடணும். போலிப் பாலிசியில் ஏமாறக் கூடாது.

கம்பெனி கிளெய்ம் தராமல் இழுத்தடிச்சால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்க. 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அதுக்கும் சரிவரலை என்றால் தேனாம்பேட்டையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கு. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை.

வண்டி நம்ம பிள்ளைகளை வேலைக்குக் கொண்டு போகட்டும். குடும்பத்தைக் கடனுக்குக் கொண்டு போக வேண்டாம். வீட்டுக்குப் போனதும் பாலிசித் தாளை எடுத்துத் தேதியைப் பாருங்க. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் கணக்குச் சொல்லணும்.