அருங்காட்சியகத்து வானொலிப் பெட்டிகள்



நம் நகர அருங்காட்சியகத்துக்கு அன்பர் ஒருவர், தாம் பல்லாண்டு சேர்த்த பழைய வானொலிப் பெட்டிகளையும் தொலைபேசிகளையும் கொடையாக வழங்கியுள்ளார். சென்ற வாரம் நாம் மாணவர்களுடன் சென்று கண்டோம். விசையைத் திருப்பியபின் வால்வு சூடேறும்வரை குரல் எழாத மரப்பெட்டிகள். எண்வட்டு பொருத்திய கரிய தொலைபேசிகள். அவற்றுள் சில, 1948இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற இந்தியத் தொலைபேசித் தொழிலகம் செய்தவை. கொடையாளரின் பெருந்தன்மை போற்றற்குரியது. ஆயினும் ஒவ்வொன்றின் கீழும் செய்த நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் மட்டுமே கண்டபோது, நம் நினைவு வேறொரு பெட்டியிடம் சென்றது.

காவிரிப் படுகையில் நாம் பிறந்த சிற்றூருக்கு அன்று மின்சாரம் இல்லை. ஊராட்சி மன்றத்தில் அரசு வைத்த பொது வானொலி பாட்டரியால் இயங்கியது. பாட்டரி தீர்ந்தால் அதை நகருக்குச் சுமந்து சென்று மின்னேற்றிக் கொணர்ந்தவர் நம் தெருப் பெரியவரே. அமிலம் கசிந்து அவர் தலைத்துண்டு பொத்தல் பொத்தலாய் இருந்ததை இன்றும் மறக்க இயலவில்லை. மாலையில் பெட்டி பாடும்போது மன்றத் திண்ணையில் அவருக்கு இடமில்லை. அவரோடு நாமனைவரும் சாலைக்கு அப்பால் புளியமரத்தடியில் நின்றே கேட்டோம். காற்று எதிர்த்து வீசினால் அதுவும் இல்லை.

ஜப்பானிய இனத்தோடு கலந்து உருவாக்கிய ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லை, 1960களின் பிற்பகுதியில் திருச்சி வானொலி நிலையம் உழவரிடம் பரப்பியது. தஞ்சை மக்கள் அதை வானொலி நெல் என்றே வழங்கினர். வானொலியின் ஆற்றலுக்கு இதனைச் சான்றாகக் காட்டுவர், உண்மையே. ஆனால் விதையைத் தேரும் உரிமை நிலமுடையார்க்கே இருந்தது. நாற்று நட்ட நம் தாய்மார்க்கு அது வேறொருவர் வயலைப் பற்றிய செய்தி.

அருங்காட்சியகப் பொறுப்பாளரிடம் இவற்றைக் கூறினோம். எழுதித் தந்தால் பெட்டிகளின் அருகே வைக்க இசைந்துள்ளார். ஆகவே மாணவர்களே, விடுமுறையில் உங்கள் வீட்டு முதியோரிடம் கேளுங்கள்: அவர்கள் முதன்முதல் எங்கு நின்று வானொலி கேட்டனர்? தொலைபேசிக் கம்பம் நடக் குழி தோண்டியவர் யார்? நம் தெருவில் யார் வீட்டுக்கு முதல் டிரான்சிஸ்டர் வந்தது? அதற்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய புத்தகம் பரணில் கிடக்கிறதா? ஊர், ஆண்டு, பெயர் குறித்து, வரும் ஆனி மாதத்துக்குள் சங்க அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். பாட்டரி சுமந்த பெரியவரைப் பற்றிய முதற்பக்கத்தை நாம் எழுதித் தந்துவிட்டோம்.