நமக்காக நாமே பேசுவோம்

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பல மொழிகளைப் பேசுவதையும் புதிய மொழிகளைக் கற்பதையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி எனக்குப் பணித்திருக்கிறார்கள். இது பண்டிதர்களுக்கு உரிய விஷயம், விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று உளியோடு மரத்தடிக்குப் போகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணலாம். என் அபிப்பிராயம் வேறு. பண்டிதருக்கு இரண்டாவது மொழி ஓர் அணிகலன். தொழிலாளிக்கோ அது சம்பளச் சீட்டிலும், ஒப்பந்தத்திலும், அடையாளக் கார்டிலும் வந்து நிற்கிற காரியம். தனக்காகத் தானே பேசத் தெரியாதவனுக்கு, இன்னொருவன் பேசுவான். அவன் பேசுவது யாருக்காக என்பதை நாம் எப்படி அறிவது?

நாம் அறியாமலே அறிந்தவை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "எனக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது" என்று சொல்லாத தோட்டத்து ஆள் இல்லை. அது உண்மையல்ல. கித்தா மரம் என்கிறோம். கித்தா மலாய்ச் சொல். பால் வடியும் மங்கு மலாய்ச் சொல். வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாவும் மலாய்ச் சொல்தான். பினாங்கின் பெயரையே நாடெங்கும் பரப்பிய நாசி கண்டாரில் வருகிற கண்டாரும் அதே காண்டாதான். சோற்றையும் குழம்பையும் காவடித் தடியில் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிக்கு விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். வியாபாரத்துக்குப் பெயர் கிடைத்தது மலாயில். வீட்டுச் சாவியும் மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை.

கொடுத்ததும் உண்டு. மலாய்க்காரர் கப்பலைக் 'காப்பால்' என்கிறார். கடையைக் 'கெடாய்' என்கிறார். கட்டிலைக் 'காத்தில்' என்கிறார். வியாபாரத்தில் போடும் முதலை 'மோடால்' என்கிறார். கூலி என்ற சொல்லும் நம்மிடமிருந்து போனதே. இந்தப் பட்டணத்துச் சீனர் பேசும் ஹொக்கியனில் போலீஸ்காரருக்கு 'மாத்தா', கல்லுக்கு 'பாத்து'. இரண்டும் மலாய். பினாங்கில் கலப்பில்லாமல் பேசுகிற வாய் ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே மொழி கற்பது நமக்குப் புதிய வேலையல்ல. அரைகுறையாகக் கற்றதை முழுமையாக்குவதுதான் மீதி வேலை.

தமிழ் கற்ற மலாய் முன்ஷி

பினாங்கில் ஆங்கிலேயர் கொடி ஏறியது 1786-ஆம் ஆண்டில். 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833-இல் குயின் தெருவில் மாரியம்மன் கோயிலும் எழுந்தன. 1816-ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கியபோது தமிழ் வகுப்பும் தொடங்கியது. இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் ஆரம்பம் என்று அதையே கொண்டாடுகிறோம். அந்தத் தமிழ் வகுப்பு ஓர் ஆங்கிலப் பள்ளிக்குள் பிறந்தது என்பதை மறக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே இரண்டு மொழிகள் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

மலாக்காவுக்குப் போனால் இன்னும் நல்ல உதாரணம் கிடைக்கும். நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படுகிறவர் முன்ஷி அப்துல்லா. 1796-இல் பிறந்தவர். அவருடைய கொள்ளுப்பாட்டனார் யெமன் நாட்டு அரபியர். நாகூருக்கு வந்து அங்கேயே மணம் செய்துகொண்டவர். பாட்டியின் பெயர் பெரி ஆச்சி. 1849-இல் அச்சான தம்முடைய வாழ்க்கை வரலாற்றில், தம் தகப்பனார் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதை அவர் எழுதியிருக்கிறார். காரணம் என்ன? மலாக்காவில் இந்திய வணிகர் நிறைந்திருந்தார்கள். கணக்குப் பார்க்கவும் வியாபாரம் பேசவும் தமிழ் வேண்டியிருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது ஊர் வழக்கமாகவே இருந்ததாம்.

அப்துல்லா அதோடு நிற்கவில்லை. அரபு கற்றார், ஆங்கிலம் கற்றார். சிறு வயதிலேயே ராஃபிள்ஸ் துரையிடம் எழுத்து வேலை பார்த்தார். வெள்ளைக்காரப் பாதிரிமாருக்கும் அதிகாரிகளுக்கும் மலாய் கற்றுக் கொடுத்தார். 'முன்ஷி' என்றால் மொழி ஆசிரியர். மொழி கொடுத்த பட்டமே அவருக்குப் பெயராகிவிட்டது.

தோழர்களே, கவனியுங்கள். நம் மொழியைத் தேடி மற்றவர்கள் வந்து கற்ற காலம் ஒன்று இந்த நாட்டிலே இருந்தது. அன்று தமிழ் கணக்குப் புத்தகத்தின் மொழி. அதே தமிழ், தோட்டம் வந்தபிறகு எந்த நிலைக்கு இறங்கியது?

"இங்கே வா"

துரைமாரும் தமிழ் கற்றார்கள். சின்னத்துரை தமிழ்ப் பரீட்சையில் தேறினால்தான் மேலே போக முடியும் என்ற வழக்கம் மலாயாவில் பல கம்பெனிகளில் இருந்தது. இலங்கைத் தோட்டங்களில் சின்னத்துரைமாருக்காக அச்சான தமிழ்க் கைநூல் ஒன்றுக்கு என்ன பெயர் தெரியுமா? 'இங்கே வா'. இன்னொரு நூலின் பெயர் 'கூலித் தமிழ்'.

ஒரு மொழியைக் கற்க ஆரம்பிக்கிறவன் "வணக்கம்" என்று ஆரம்பிப்பான், அல்லது "உங்கள் பெயர் என்ன?" என்று ஆரம்பிப்பான். இவர்கள் ஆரம்பித்தது "இங்கே வா" என்று. வேலை வாங்குவதற்கு எத்தனை சொல் வேண்டுமோ அத்தனையும் கற்றார்கள். ஆளின் மனத்தை அறியும் சொற்கள் அந்தப் பாடத்தில் பின்னால்தான் வந்திருக்கும். நம் மொழியிலே 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு இருக்க, நம் பாட்டன்மார் காதில் விழுந்தது ஒன்றுதான்.

ஆதலால் மொழி கற்றவனெல்லாம் நண்பனாகிவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. எதற்காகக் கற்கிறோம் என்பதும் கேள்விதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் பக்கமே திரும்பி வரும்.

இடையில் நிற்பவன்

துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் கங்காணி நின்றார், கிராணி நின்றார், மண்டோர் நின்றார். இங்கே வந்திருக்கும் கிராணிமார் கோபிக்க வேண்டாம். நேர்மையான கிராணி ஒருவர் ஒரு தோட்டத்துக்கே கண்ணாக இருந்ததும் உண்டு. ஆனால் முறை கெட்டது. தொழிலாளி சொன்னதில் பாதி மேலே போகாது. துரை சொன்னதில் பாதி கீழே வராது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் பால்வெட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வு, வைத்திய வசதி, பிள்ளைகளுக்குப் படிப்பு, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை ஆகியவற்றோடு, தமிழ் அறிந்த சிப்பந்திகளை நியமிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். தன் குறையைத் தன் மொழியில் சொல்லும் உரிமையும் ஒரு கூலி உயர்வுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பின்பு 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தது. அதன் முதல் பொதுச் செயலாளர் பி. பி. நாராயணன் கேரளத்தில் பிறந்தவர். நம் மக்களுக்காக உழைத்தவர், பின்னர் 1975-இல் உலகச் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத்துக்கே தலைவரானார். ஒரே மொழிக்குள் அடைந்து கிடந்தவருக்கு அந்த மேடை கிடைத்திருக்குமா?

மொழி தெரியாததற்கு நாம் கொடுத்த பெரிய விலையைச் சொல்கிறேன். 1957-இல் மலாயா சுதந்திரம் அடைந்தது. அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வழி வைத்தார்கள். ஆரம்ப அளவில் மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. முதல் ஓராண்டுக்கு மட்டும் மொழிச் சோதனை வேண்டாம் என்று சலுகை இருந்தது. எத்தனை லயங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது? போய்ச் சேர்ந்த இடங்களிலும், விண்ணப்பத்தை நிரப்ப எத்தனை பேரால் முடிந்தது? பிறப்புப் பத்திரம் இல்லாதவர், விஷயம் தெரியாதவர், மலாய் வராதவர் என்று பலர் சிவப்புக் கார்டோடு நின்றுவிட்டார்கள். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்திலும் மற்றத் துறைகளிலும் கப்பலேறினார்கள். இந்த மண்ணில் பால் வெட்டித் தேய்ந்த கைகள் அவை. சட்டத்தின் கடுமையை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தை அறிவதற்கும் ஒரு மொழி வேண்டியிருந்தது.

தமிழ் போய்விடுமா?

"மலாயும் இங்கிலீஷும் படித்தால் பிள்ளை தமிழை மறந்துவிடும்" என்று அஞ்சுகிற பெற்றோர் உண்டு. அந்த அச்சத்தை நான் இகழவில்லை. வீட்டில் தமிழ் இல்லாவிட்டால் தமிழ் போகத்தான் போகும். ஆனால் அதற்குக் காரணம் வீடு. மலாயின் மேல் பழி போடக் கூடாது.

தனிநாயகம் அடிகளாரை எண்ணிப் பாருங்கள். 1913-இல் யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்தவர். இலத்தீன், இத்தாலியம், போர்த்துக்கீசியம் என்று பல மொழிகள் அறிந்தவர். தமிழை ஆழமாகக் கற்றது வளர்ந்து பாதிரியாரான பிறகுதான். அந்த வேற்று மொழிகள் தமிழுக்கு என்ன செய்தன? 1679-இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை அவர் பதிப்பித்து, 1966-இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். அதே ஆண்டில் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். போர்த்துக்கீசியம் தெரியாத தமிழன் ஒருவனால் அந்த அகராதியைத் திறந்து பார்க்கக்கூட முடிந்திருக்காது. வேரை வெட்டிக்கொண்டு யாரும் கிளை பரப்ப முடியாது. வேர் ஆழமாக இருந்தால் கிளைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இன்று நம் பக்கத்து லயத்தில்

காலம் மாறிவிட்டது. ரப்பர் இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது, பட்டணங்கள் எழுந்துவிட்டன. தோட்டங்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர் வேலை செய்கிறார்கள். நம்மில் பலர் அவர்களுக்கு மண்டோராகவும் கிராணியாகவும் இருக்கிறோம்.

இங்கேதான் நான் முன்பு சொன்னது திரும்பி வருகிறது. அந்த வங்காளித் தம்பிக்கு நாம் சொல்லும் முதல் வார்த்தை என்ன? "சினி மாரி!", "செப்பாட்!" இரண்டும் மலாய், பொருள் "இங்கே வா", "சீக்கிரம்". துரை நமக்குச் சொன்ன அதே பாடம். வங்காள மொழியில் 'துய்', 'துமி', 'ஆப்னி' என்று மூன்று படிகள் உண்டு, மரியாதைக்கு 'ஆப்னி'. அந்த ஒரு சொல்லைக் கற்றால் போதும், எதிரில் நிற்பவன் முகம் மாறும். அவனை அண்ணே, தம்பி என்று அழைக்க நினைத்தால் 'பாய்' என்று சொல்லலாம்.

இதில் கருணை மட்டும் அல்ல, சங்கத்தின் பலமும் இருக்கிறது. நம்மோடு பேச முடியாத தொழிலாளியை நமக்கு எதிராக நிறுத்துவது சுலபம். அவன் வாங்கும் சம்பளம் என்ன, அவனுடைய கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது என்று கேட்க நமக்கு மொழி இல்லாவிட்டால், நாளைக்கு நம் சம்பளத்தையும் அந்த அளவுக்கே இறக்குவார்கள்.

என்ன செய்யலாம்?

நடைமுறைக்கு வருகிறேன். முதலாவது, மலாய். 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இந்நாட்டின் ஆட்சிமொழி. தொழில் இலாக்காவுக்குப் புகார் எழுதவும், அங்கிருந்து வரும் பதிலைப் படிக்கவும் அது வேண்டும். கடையில் பேசும் பாசார் மலாய் இதற்குப் போதாது. தமிழ்ப் பள்ளியிலிருந்து போன நம் பிள்ளைகள் பலர், மலாய் போதவில்லை என்று புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டில் தினம் அரைமணி நேரம் மலாய்ப் பத்திரிகை வாசித்திருந்தால் அந்த ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு கிளைச் சங்கத்திலும் வாரம் ஒரு மாலை வகுப்பு. ஆசிரியரைத் தேடி அலைய வேண்டாம். கிராணிமார் இருக்கிறார்கள், ஆறாம் படிவம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடப் புத்தகமும் வேண்டாம். உங்கள் சம்பளச் சீட்டே முதல் பாடம். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிடித்தம் என்ன, படி என்ன, எதற்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்காத எந்தத் தாளிலும் கைநாட்டு வைப்பதில்லை என்று தீர்மானம் போடுங்கள்.

மூன்றாவது, பக்கத்து லயத்துக்காரரை அந்த வகுப்புக்கு அழையுங்கள். அவர் நமக்கு வங்காளமோ நேப்பாளமோ சொல்லித் தரட்டும். நாம் அவருக்கு மலாய் சொல்லித் தருவோம். வாரம் பத்துச் சொல் என்றால் ஆண்டுக்கு ஐந்நூறுக்கு மேல் ஆகிறது. ஐந்நூறு சொல் உள்ளவன் ஊமையல்ல.

வயதாகிவிட்டதே என்று பெரியவர்கள் சொல்ல வேண்டாம். பால்வெட்டு உங்களுக்குத் தெரியும். ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் மரத்துக்குக் காயம்தான் மிச்சம். மெல்லிய சீவலாக, விடாமல் வெட்டுகிறவனுக்குத்தான் ஆண்டுக்கணக்கில் பால் கிடைக்கும். மொழியும் அப்படித்தான்.

தமிழை வீட்டில் காப்போம். மலாயை அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று பேசுவோம். ஆங்கிலத்தை முடிந்தவரை கற்போம். பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் மொழியில் அவனை மரியாதையாக அழைப்போம். வரும் மாதமே உங்கள் கிளைகளில் முதல் வகுப்பைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடிக்கிறேன்.