மெதுவாகக் குறையும் நிறை

வன்னிப் பெருநிலத்து உழவர் நீரின் கணக்கை நன்கறிந்தவர். மாரி மழையினால் இரணைமடுக் குளம் நிரம்பிய ஆண்டில், சிறுபோகச் செய்கைக்கு வயற்பரப்புத் தாராளமாக ஒதுக்கப்படும். நீர் குறைந்த ஆண்டிலோ, கமக்காரர் கூடிப் பேசி, விதைக்கும் பரப்பைச் சுருக்கிக்கொள்வர். வரவு குறைந்தவிடத்துச் செலவைச் சுருக்குவதை எவரும் சோம்பல் என்று இகழ்வதில்லை. முன்யோசனை என்றே போற்றுவர்.

மனித உடலும் இதே முன்யோசனை உடையது. உணவின் வரவு திடீரெனக் குறைந்தால், அது தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். இந்த உண்மையை அறியாமையால், இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர் சிலர் அடையும் மனவேதனை சிறிதன்று. அவ்வேதனையைப் பற்றியும், அதனின்று மீளும் வழியைப் பற்றியும் ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

மிகுந்த உடற்பருமனாலும், அதனோடு வரும் நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், மூட்டு நோவு முதலியவற்றாலும் துன்புறுவோருக்கு, இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை இன்று உலகெங்கும் செய்யப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1966ஆம் ஆண்டில் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடக்கிவைத்தார். தற்காலத்தில் பெரிதும் வழங்குவது, இரைப்பையின் ஏறத்தாழ முக்காற் பங்கை வெட்டி நீக்கி, எஞ்சியதை ஒடுங்கிய குழாய்போல் அமைக்கும் முறையாகும். இதனால் உண்ணும் அளவு குறைவதோடு, பசியைத் தூண்டும் கிறெலின் என்னும் ஓமோனும் குறைகின்றது. அந்த ஓமோன் 1999ஆம் ஆண்டில் யப்பானிய ஆராய்ச்சியாளராற் கண்டறியப்பட்டது. அதனைப் பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதி. இச்சிகிச்சையில் நீக்கப்படுவதும் அப்பகுதியே.

இத்தகைய சிகிச்சைக்காக வன்னிவாசி ஒருவர் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்புக்குச் சென்று திரும்புகின்றார் என்று கொள்வோம். அவர் பரந்தனை அடுத்த குடியேற்றக் கிராமம் ஒன்றில் வாழும் நாற்பது வயதுக் குடும்பப் பெண். நம் விளக்கத்தின் பொருட்டு எண்ணிக்கொள்ளப்பட்டவர். சிகிச்சைக்கு முன் அவருடைய நிறை 110 கிலோகிராம். முதல் மூன்று மாதங்களில் 18 கிலோகிராம் குறைந்தது. வீட்டார் மகிழ்ந்தனர். அடுத்த மூன்று மாதங்களில் 8 கிலோகிராமே குறைந்தது. ஏழாம் மாதத்தில் ஒன்று. எட்டாம் மாதத்திலோ தராசின் முள் அசையவில்லை.

அக்காலையிற் கோயில் வீதியிலும் சந்தையிலும் எதிர்ப்படுவோர், "என்ன பிள்ளை, கொழும்புக்குப் போய் ஒப்பரேசன் செய்தும் இன்னும் மெலியேல்லையே?" என்று கேட்கின்றனர். கேட்பவர் தீய நெஞ்சத்தினர் அல்லர். ஆயினும் அச்சொல் முள்ளாய்த் தைக்கின்றது. அப்பெண் இரவில் விழித்திருந்து, சிகிச்சை பிழைத்ததோ, தானே பிழைசெய்தாளோ என்று கலங்குகின்றாள். மறுநாள் முதல், உள்ள சிறிதளவு உணவையும் ஒறுக்கத் தொடங்குகின்றாள். மருத்துவரிடம் செல்லவோ கூசுகின்றாள். ஆபத்து இங்கேதான் தொடங்குகின்றது. நிறை மெதுவாகக் குறைந்ததில் அன்று.

உண்மையில் அவளது உடலில் நிகழ்ந்தது யாது? முதற் சில வாரங்களிற் குறைந்தது கொழுப்பு மட்டுமன்று. ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டிருந்த மாப்பொருள் முதலிற் செலவாகின்றது. அச்சேமிப்பின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிணைத்திருப்பதால், அந்நீரும் உடன் வெளியேறுகின்றது. எனவே தொடக்கத்தில் நிறை விரைந்து இறங்குகின்றது. அந்நீர் போய் முடிந்ததும் வேகம் தணிகின்றது. மூன்றாம் நான்காம் வாரங்களிலேயே ஒரு தேக்கம் தோன்றுவது பலருக்கும் இயல்பு.

இரண்டாவதாக, இருபத்தாறு கிலோகிராம் இழந்த உடல், ஐம்பது கிலோகிராம் அரிசி மூடையிற் பாதிக்கு மேல் இறக்கிவைத்த உடலாகும். சுமை குறைந்தவன் நடப்பதற்குச் செலவிடும் சக்தியும் குறைவன்றோ? மூன்றாவதாக, பட்டினி வந்துவிட்டதென்று கருதும் உடல், சுமை குறைந்ததற்கு ஏற்ற அளவினும் மிகுதியாகவே தன் செலவைச் சுருக்குகின்றது.

இம்மூன்றாவது செய்தியை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்று. அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் 1944, 1945ஆம் ஆண்டுகளில் அதனை நடத்தினார். தாமாக முன்வந்த 36 இளைஞர் இருபத்துநான்கு வாரங்கள் அரைவயிற்று உணவில் இருந்தனர். அவர்கள் தம் நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தனர். ஆனால் ஓய்வு நிலையில் அவர்களின் உடல் செலவிட்ட சக்தியோ ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. நாட் செல்லச் செல்ல நிறை இறங்கும் வேகமும் தளர்ந்தது. அவ்விளைஞர் மனவுறுதி அற்றவரல்லர். அவர்களின் உடல் உயிரைக் காக்க முயன்றது. அவ்வளவே.

வன்னி மக்களுக்குப் பட்டினி என்பது நூலிற் படித்த செய்தியன்று. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் முடக்கப்பட்டிருந்தோர் கஞ்சியால் உயிர் தரித்தனர். ஒவ்வோராண்டும் மே மாதத்திற் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்து அந்நாளை நினைவுகூருவோர் பலர். பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிற் பல்லாயிரவர் உணவுக்கு வரிசையில் நின்றனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அந்நாள்களைக் கடந்துவந்த தாயொருத்திக்கு, கோப்பையில் நாலு பிடி சோற்றை மீதம் விடுவது பாவமாகவே தோன்றும். "வயிறு நிறைந்துவிட்டது" என்று சிறுத்த இரைப்பை சொன்னாலும், "எறியாதே" என்று நெஞ்சு சொல்லும். அந்நெஞ்சைக் கடிந்துகொள்வதிற் பயனில்லை. சோற்றைப் போடும்போதே சிறிய கோப்பையிற் குறைவாகப் போட்டுக்கொள்வதே தக்க வழி. அவ்வாறு செய்தால் எறிவதும் இல்லை. மிகுதியாக உண்பதும் இல்லை.

இனி, சிகிச்சையின் பயனை எவ்வாறு அளப்பது என்று பார்ப்போம். சுவீடன் நாட்டில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய பேராய்வு ஒன்று, சிகிச்சை பெற்ற 2010 பேரையும், பெறாத 2037 பேரையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. சிகிச்சை பெற்றோரின் நிறை முதலாம் இரண்டாம் ஆண்டுகளில் மிகத் தாழ்ந்த நிலையை அடைந்து, பின்னர் ஓரளவு ஏறி நிலைகொண்டது. பத்தாண்டுகளின் பின்னர், இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோர் தம் பழைய நிறையில் சராசரியாக 25 வீதம் குறைந்தே இருந்தனர். 2007இல் வெளியான முடிவுகளின்படி, சிகிச்சை பெற்றோரிடையே இறப்பு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இவர்கள் எல்லோரும் மெல்லிய கொடியாகிவிடவில்லை; ஆயினும் வாழ்நாள் நீண்டது. நம் பரந்தன் பெண்ணும் எட்டு மாதங்களில் 24 வீதம் நிறையை இழந்துள்ளாள். அவள் அடைந்தது தோல்வியன்று.

ஆகவே தராசை நாள்தோறும் நாடுதல் வேண்டாம். உப்பு மிகுந்த உணவு, மாதவிடாய், மலச்சிக்கல் ஆகிய எதுவும் முள்ளை ஓரிரு கிலோகிராம் உயர்த்திவிடும். வாரத்தில் ஒருநாள், காலையில், உணவுக்கு முன் நிறுத்தாற் போதும். அதனோடு, ஒரு நூற்கயிற்றை இடையிற் சுற்றி, மாதந்தோறும் முடிச்சிட்டு வைக்கலாம். தராசு அசையாத மாதத்திலும் முடிச்சு உள்நோக்கி நகர்வதுண்டு. முன்பு கிணற்றடியிலிருந்து ஒரு வாளி நீர் கொணர மூச்சு வாங்கியவர் இன்று இரண்டு வாளி கொணர்வாராயின், நீரிழிவு மாத்திரையின் அளவை மருத்துவர் குறைத்தாராயின், அவையும் அளவைகளே.

உணவில் முதலிடம் புரதத்திற்கு உரியது. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டுமென்பது பொதுவான அறிவுரை. இதற்கு விலையுயர்ந்த மாப் பொதிகளையே நம்பவேண்டியதில்லை. குளத்து மீன், கடல் மீன், முட்டை, தயிர், பயறு, கௌபி, உழுந்து ஆகியன வன்னியிற் கிடைப்பனவே. முதலில் மீனையும் பருப்பையும் மென்று உண்டு, அதன்பின் கீரை, கடைசியிற் சோறு என்னும் ஒழுங்கு நன்று. எனினும் வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிற் சிறுநீரக நோய் காணப்படுவதால், அந்நோயுடையோர் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டே தீர்மானித்தல் வேண்டும்.

நிறையைத் தேங்கச்செய்யும் மறைமுகப் பகைவனும் உண்டு. அது பெரும்பாலும் கோப்பையில் இராது; தேநீர்க் குவளையில் இருக்கும். இரண்டு கரண்டி சீனியிட்ட தேநீர் நாளுக்கு ஐந்து முறை அருந்தினால், அச்சீனி மட்டுமே 160 முதல் 200 கலோரி வரை தரும். சிறுத்த இரைப்பை சோற்றைத் தடுக்கும். இனிப்பு நீரைத் தடுக்காது. சோடா வகையும், இடையிடையே கொறிக்கும் பிஸ்கட்டும் அத்தகையனவே. வன்னி வெயிலில் உடல் வற்றாதிருக்க நீர் நிறைய வேண்டும். அதனைச் சிறு சிறு மிடறாக, உணவுக்கு அரைமணி முன்னும் பின்னும் விலக்கி அருந்துதல் வேண்டும்.

நடையும் இன்றியமையாதது. உணவின் வரவு குறையும்போது உடல் கொழுப்போடு தசையையும் கரைக்க முற்படும். தசையைக் காப்பது உழைப்பே. காலை வெயில் ஏறுமுன் குளக்கட்டின்மேல் அரைமணி நடப்பதும், தோட்டத்து வேலையும், மெல்ல எழுந்திருந்து பழகுவதும் சாலும்.

உணவை ஒறுப்பது மட்டும் ஒருபோதும் மருந்தாகாது. சிகிச்சைக்குப் பின் விற்றமின், இரும்பு, கல்சியம் ஆகியவற்றை மருத்துவர் கூறியவாறு வாழ்நாள் முழுவதும் கொள்ளவேண்டும். இவற்றை விட்டவர்க்குக் குருதிச் சோகையும் எலும்புத் தேய்வும் வரக்கூடும். இடைவிடாது வாந்தி இருப்பின் விற்றமின் பீ 1 விரைவிலே தீர்ந்து, காலில் விறைப்பு, தள்ளாட்டம், அறிவுக் குழப்பம் ஆகியன தோன்றலாம். இவற்றுள் எதுவும், அல்லது கடும் வயிற்று நோவும் காய்ச்சலும் கண்டால், கொழும்புப் பயண நாளை எதிர்பாராது, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளுள் அண்மையிலுள்ளதற்கு உடனே செல்லவேண்டும். தமக்குச் செய்யப்பட்ட சிகிச்சை இன்னதென எழுதிய அட்டையைக் கையில் வைத்திருப்பது நன்று. வழக்கமான நோவு மாத்திரைகளுட் சில இத்தகையோர்க்குப் புண் உண்டாக்கக்கூடும். பிள்ளைப்பேற்றை விரும்பும் பெண்கள், பன்னிரண்டு முதற் பதினெட்டு மாதங்கள் வரை பொறுத்தல் வேண்டும். இதுபற்றிக் குடும்பநல உத்தியோகத்தரோடு பேசுதல் தகும்.

தேக்கம் பல மாதங்கள் நீடிக்குமாயின் அதற்கும் காரணம் தேடலாம். தைரொயிட்டுச் சுரப்பியின் குறை, இன்சுலின் அல்லது ஸ்டெரொயிட் போன்ற மருந்துகள், உறக்கமின்மை, ஆறாத் துயர் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். துணைபுரியும் புதிய மருந்துகளும் இன்று உள. ஆயின், வெட்கத்தால் மருத்துவரைக் காணாதிருப்பவர்க்கு இவற்றுள் எதுவும் கிட்டாது. எட்டு மாதமாகத் தராசு அசையாதவரே, பிறரினும் முதலில் யாழ்தேவியில் ஏறவேண்டியவர்.

எஞ்சியது அயலவர் கடமை. நோயுற்றவரைக் கண்டால், "எவ்வளவு குறைந்தது?" என்று கேளாது, "இப்போது நடப்பது இலகுவாயிருக்கின்றதா?" என்று கேட்போமாக. குளத்து நீர் குறைந்த ஆண்டில், சிறிதளவே விதைத்த கமக்காரனைப் பார்த்து நாம் நகைப்பதில்லை. அடுத்த மாரி வரை அவன் வயலைக் காக்கின்றான் என்பதை அறிவோம். தன் உடலை அவ்வாறே காத்து நிற்கும் ஒருவருக்கும், அதே மதிப்பும் அதே பொறுமையும் உரியன.