எலுமிச்சம்பழமும் இ-பாஸும்

வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது முன்பெல்லாம் ஒரே கவலை, வாந்தி. கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தால் போதும், கொடைக்கானல் வந்துவிடும்.

2024 மே 7 முதல் இன்னொன்றும் வேண்டியிருக்கிறது: இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. நெரிசலில் திணறிய மலைக்கு அது தேவைதான்.

பதிவு செய்ய, நம் நாட்டவருக்குச் செல்பேசி எண், வெளிநாட்டவருக்கு மின்னஞ்சல். பிறகு வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்று கேட்கும். கொஞ்சம் யோசியுங்கள். நாம் யார் என்பது மட்டுமா அதில் இருக்கிறது? நம் வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்பதும் இருக்கிறது!

அதனால் "நான் எடுத்துத் தருகிறேன் சார், ஓடிபி சொல்லுங்க" என்பவரிடம் செல்பேசியை நீட்டாதீர்கள். அரசுத் தளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். கட்டணமும் கிடையாது. பணம் கேட்டாலே அது வேறு கடை.

இவ்வளவு எதற்கு என்கிறீர்களா? அரசுப் பேருந்தில் ஏறுங்கள். அதில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. எலுமிச்சம்பழத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.