நாடக மேடையும் அரசியல் மேடையும்: யார் யாருக்குக் கடன்?

நடுவர் அவர்களே! எதிரணித் தம்பி என்ன சொல்லிட்டுப் போனார்? "அரசியல் வந்த பிறகுதான் நாடகத்துக்கே மரியாதை வந்துச்சு" என்றார். வயிறார சாப்பிட்டுவிட்டு, கல்லாவில் இருப்பவரிடமே "எனக்கு எவ்வளவு தரணும்?" என்று கேட்கிற கதையா இருக்கு! (சிரிப்பு)

நம்ம மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்க. ஒத்திகை கிடையாது. முருகன் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், ஆர்மோனியம் வேறொரு ஊர். ராத்திரி பத்து மணிக்குமேல் பொட்டலில் ஒண்ணு சேருவாங்க. விடிய விடிய நடக்கும். ராஜபார்ட் வருவதற்கு முன்னால் பபூன் வந்து கூட்டத்தைக் கலையாமல் உட்காரவைப்பார். தேர்தல் கூட்டத்தில், தலைவர் வருகிறவரைக்கும் உள்ளூர்ப் பேச்சாளர் பார்ப்பது இதே வேலைதானே? (கைதட்டல்)

தம்பி அண்ணாவைச் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். எழுதினார், அவரே வேடம் கட்டினார், கட்சி வளர்ந்தது. ஆனால் அதற்கு முன்பே ஒருத்தர், கட்சி வளரத் தன் உடம்பைக் கொடுத்தார். திருமங்கலத்தில் வாழ்ந்த தியாகி விஸ்வநாததாஸ். 1886இல் சிவகாசியில் பிறந்தவர். வள்ளி திருமணத்தில் இவர்தான் முருகன். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டுகிற கதையில், இவர் வெள்ளைக் கொக்கைப் பாடுவார். அந்தக் கொக்கு யார் என்று கண்மாய்க்கரையில் மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும், போலீஸ்காரருக்கும் தெரியும். ஆனால் வழக்கு எழுதணுமே! "முருகன் கொக்கைத் திட்டினார்" என்றா எழுதுவது? (பலத்த சிரிப்பு) எப்படியோ எழுதினாங்க. பலமுறை சிறைக்குப் போனார். நாடகத்தைத் தடுக்க 1876லேயே தனிச் சட்டம் போட்டவனாச்சே வெள்ளைக்காரன்! மரியாதை இல்லாத கலைக்கா சட்டம் போடுவான்?

இன்னொன்றையும் சொல்லணும், சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால், அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க நடிகைகள் சிலர் மறுத்தாங்க. சுதந்திரம் கேட்ட அதே மேடையில்! விரட்ட வேண்டிய கொக்கு வெளியில் மட்டுமா இருந்தது? அப்போது "நான் நடிக்கிறேன்" என்று வந்தவர் மதுரை கே.பி. ஜானகி அம்மாள். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவர். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியில் ஜெயித்து சட்டமன்றத்துக்கே போனார். அரசியல் அவருக்கு மேடை கொடுத்ததா? மேடையில் நின்ற துணிச்சலை அரசியலுக்கு அவர் கொண்டுபோனாரா? தம்பி பதில் சொல்லட்டும். (கைதட்டல்)

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். முருகன் வேடத்தில், மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த விஸ்வநாததாஸின் உயிர் அந்த மேடையிலேயே பிரிந்தது. வேடத்தைக் கலைக்கக்கூட நேரமில்லை.

நடுவர் அவர்களே, அந்தக் கடனை எதிரணியிடமிருந்து வாங்கித் தரவேண்டியது உங்க பொறுப்பு. வட்டி வேண்டாம், அசல் போதும்.