பானைக்கும் மோட்சம்



யசோதையின் கைக்கு அகப்படாமல் ஓடிவந்த கண்ணன், தயிர்க்காரன் ததிபாண்டன் வீட்டுக்குள் நுழைந்தான். ததிபாண்டன் அவனைப் பெரிய பானைக்குள் ஒளித்துவைத்தான். யசோதை தேடிவிட்டுப் போன பிறகும் அவனை வெளியே விடவில்லை. "எனக்கு மோட்சம் கொடு, இந்தப் பானைக்கும் கொடு" என்று பிடிவாதம் பிடித்தான். இரண்டுக்கும் கிடைத்தது. வைணவப் பெரியவர்கள் விரும்பிச் சொல்லும் கதை இது.

தயிர்க்காரனுக்காவது கேட்கத் தெரிந்தது. பானைக்கு என்ன தெரியும்? முக்தி பெற ஞானம் வேண்டுமா, வேண்டாமா?

ராமானுஜருக்குப் பின் வந்த ஆசாரியர்கள் இதை ஆழமாக ஆராய்ந்தார்கள். தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டிபோல, உயிரும் சரணாகதி செய்தாக வேண்டும் என்பது வடகலைப் பிரிவின் கொள்கை. தாய்ப்பூனை தானே குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல இறைவனே காப்பான், நாம் விலக்காமல் இருந்தால் போதும் என்பது தென்கலைப் பிரிவின் கொள்கை.

வடகலைக்கு ஆசாரியர், 1268-இல் காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர். சரணாகதி செய்கிறவனுக்குத் தன் இயலாமை தெரிய வேண்டும், இறைவன் காப்பான் என்ற உறுதியும் வேண்டும் என்றவர் அவர். ஆனால் அவரும் அறியாதவரைக் கைவிடவில்லை. பொருள் முழுதும் விளங்காதவர், ஆசாரியர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னால் போதும். இதற்கு உக்தி நிஷ்டை என்று பெயர். அதுவும் முடியாதவருக்காக ஆசாரியரே சரணாகதி செய்துவிடுவார். அது ஆசார்ய நிஷ்டை. அறிவு வேண்டும் என்ற கட்சியே அறிவில்லாதவருக்கும் கதவு திறந்துவைத்திருக்கிறது!

ஆழ்வார்களிடம் போனால் அந்தக் கதவு இன்னும் அகலம். அயோத்தியின் புல்லையும் எறும்பையும்கூட விடாமல் ராமன் நற்கதிக்குச் சேர்த்ததை நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடுகிறார். மாடு மேய்க்கும் எங்கள் குலத்துக்கு அறிவு கிடையாது என்று திருப்பாவையின் 28-ஆம் பாசுரத்தில் ஆண்டாள் வாய்விட்டே சொல்கிறாள். கண்ணா, நீ எங்களில் ஒருவனாகப் பிறந்தாயே, அந்தப் புண்ணியம் போதும் என்கிறாள்.

அப்படியானால் ஞானம் வீணா? இல்லவே இல்லை. தனக்குக் கிடைத்த அருளை உணர்ந்து நன்றி சொல்ல ஞானம் வேண்டும். அதை அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டும். ஆனால் அது முக்திக்குக் கொடுக்கும் விலை அல்ல. கொடுக்கிறவன் அறிந்திருக்கிறான், அது போதும்.

நினைவு தப்பிப்போன பாட்டி, மனவளர்ச்சி குன்றிய பிள்ளை, இவர்களுக்கு என்ன தெரியும் என்று வீட்டிலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள். கைபிடித்து அழைத்துப் போங்கள். தீர்த்தமும் துளசியும் முதலில் அவர்கள் கையில் விழட்டும்.